வெள்ளைபடுதலுக்கு எந்த மருந்து? குளிசையா, கிறீமா?

பெண்கள் தங்களுக்குள்ளேயே தாழ்ந்த குரலில் கதைக்கும் நோய்கள் சில உண்டு. நாற்றத்துடன் கூடிய வெள்ளைபடுதல் அவற்றுள் ஒன்று. சொந்த வீட்டில் இருக்கும்போதே இதைச் சொல்ல வெட்கப்படும் பெண், ஒரே கொட்டிலில் மாமியாரும் மைத்துனியும் பிள்ளைகளும் கூடியிருக்கும் இடத்தில் எப்படிச் சொல்வாள்? பொதுக் கிணற்றடியில் உடுப்பை அலசும்போது பிறர் காணாமல் அலசுகிறாள். இரவில் கணவனை விட்டு விலகிப் படுக்கிறாள். பிறகு யாரோ சொன்ன குளிசையைக் கடையில் இரண்டு நாளைக்கு வாங்கிப் போட்டுவிட்டு, சுகம் வராததால் இது தன் தலைவிதி என்று இருந்துவிடுகிறாள்.

இந்த நோய்க்கு மருந்து உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் உண்டு. அவற்றுள் எது கூடிய பலன் தரும், எது எவருக்குப் பொருந்தும், சுகமான பின்னும் ஏன் திரும்ப வருகிறது என்பவற்றை இங்கே விளக்குகிறோம். பெண்கள் மாத்திரமல்ல, ஆண்களும் இதை வாசிக்க வேண்டும். அதற்கான காரணம் கட்டுரையின் பிற்பகுதியில் இருக்கிறது.

எல்லா வெள்ளையும் நோயல்ல

பருவமடைந்த பெண்ணுக்குச் சிறிதளவு வெள்ளைபடுவது இயற்கை. மாதவிடாய்க்கு நடுப்பட்ட நாட்களிலும் கர்ப்ப காலத்திலும் அது சற்றுக் கூடும். நாற்றமோ கடியோ எரிவோ இல்லையானால் அதற்கு மருந்து தேவையில்லை. “உடம்பு உருகி வெளியேறுகிறது” என்று பயப்படவும் தேவையில்லை.

நோயாக வரும் வெள்ளைபடுதலில் பொதுவானவை மூன்று.

முதலாவது, பற்றீரியாவால் வருவது. வைத்தியர்கள் இதனைப் ‘பற்றீரியல் வஜைனோசிஸ்’ என்பார்கள். வெள்ளை நீர்த்தன்மையாக, சாம்பல் கலந்த நிறத்தில் இருக்கும். மீன் வெடுக்குப் போன்ற நாற்றம் வீசும். உறவுக்குப் பின்னும் மாதவிடாய் நாட்களிலும் நாற்றம் கூடும். கடி பெரும்பாலும் இருக்காது.

இரண்டாவது, பங்கசினால் வருவது. தயிர்க்கட்டி போல் தடிப்பாகப் படும். கடியும் எரிவும் கடுமையாக இருக்கும். நாற்றம் இராது.

மூன்றாவது, ‘ரைக்கொமோனாஸ்’ என்ற நுண்ணுயிரால் வருவது. மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில், சில வேளை நுரையோடு படும். கடியும் இருக்கலாம். இது உறவின் மூலம் தொற்றுவது. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே நேரத்தில் மருந்து கொடுக்க வேண்டும்.

இந்த மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. பங்கசுக்குரிய மருந்து பற்றீரியாவுக்குப் பலன் தராது. பற்றீரியாவுக்குரிய மருந்தைப் பங்கசு உள்ளவர் பாவித்தால் கடி இன்னும் கூடலாம். அடுத்த வீட்டுப் பெண்ணுக்குச் சுகம் தந்த குளிசை உங்களுக்குச் சுகம் தராமல் போவது இதனால்தான்.

இக்கட்டுரை முதலாவது வகையைப் பற்றியது. உலகில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 23 முதல் 29 பேர் வரையில் இது காணப்படுவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. எனவே இது அபூர்வமான நோயுமல்ல, ஒருவருடைய நடத்தைக்குச் சான்றுமல்ல.

நெல் குறைந்தால் களை கூடும்

பெண்ணுறுப்பின் உட்பகுதியில் நல்ல பற்றீரியாக்கள் வாழ்கின்றன. ‘லக்ரோபசிலஸ்’ என்பது அவற்றின் பெயர். அவை ஒருவகை அமிலத்தை உண்டாக்கி மற்றக் கிருமிகள் பெருகாமல் தடுக்கின்றன. நன்றாக அடர்ந்து நிற்கும் நெற்பயிருக்குள் களை தலையெடுக்க முடியாதிருப்பது போன்றது இது.

ஏதோ ஒரு காரணத்தால் இந்த நல்ல பற்றீரியாக்கள் குறைந்தால், அமிலம் குறைகிறது. அப்போது காற்றில்லாத இடத்தில் வாழும் வேறு பல பற்றீரியாக்கள் பெருகிவிடுகின்றன. நாற்றத்தை உண்டாக்குபவை இவையே. 1955 இல் அமெரிக்காவில் காட்னர், டியூக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இவற்றுள் முக்கியமான ஒன்றை இனங்கண்டார்கள். பின்னர் காட்னரின் பெயரால் அது ‘காட்னரெல்லா’ என அழைக்கப்படலாயிற்று.

இங்கே புறம்பான ஒரு கிருமி மாத்திரம் வந்து புகுந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வயலின் சமநிலை குழம்பிவிட்டது என்பதே பொருத்தம். எனவே சிகிச்சைக்கும் இரண்டு வேலை உண்டு. களையை அழிக்க வேண்டும். நெல் மீண்டும் செழிக்க இடம் விட வேண்டும். மருந்துகளை ஒப்பிடும்போது இந்த இரண்டையும் பார்க்க வேண்டும்.

வைத்தியர் எப்படி அறிவார்?

வெள்ளையின் தன்மை, அமில அளவு, நாற்றம், நுணுக்குக்காட்டியில் தெரியும் பற்றீரியா ஒட்டிய தோற்கலங்கள் ஆகிய நான்கையும் பார்ப்பார்கள். இவற்றுள் மூன்று பொருந்தினால் நோய் உறுதி என்பது 1983 முதல் வழக்கிலுள்ள முறை. நுணுக்குக்காட்டி இல்லாத சிறிய வைத்தியசாலைகளில் அறிகுறிகளை வைத்தே பற்றீரியாவுக்கும் ரைக்கொமோனாசுக்கும் சேர்த்து மருந்து கொடுப்பதுண்டு. ஒரே மருந்து இரண்டுக்கும் பலன் தருவதால் இது இயலுமாகிறது.

மருந்துகள் எவை?

1. மெற்றோனிடசோல் குளிசை. பலரும் ‘பிளஜில்’ என்ற பெயரில் அறிந்த மருந்து. வயிற்றுளைவுக்கும் இதையே கொடுப்பார்கள். 400 மில்லிகிராம் குளிசை காலையும் இரவும், 5 முதல் 7 நாட்கள் வரை. அமெரிக்காவில் 500 மில்லிகிராம் குளிசை இரு வேளை 7 நாட்கள் கொடுக்கிறார்கள். இது விலை குறைந்தது.

2. மெற்றோனிடசோல் ஜெல். அதே மருந்து களி வடிவில் உள்ளது. நாளுக்கு ஒரு தடவை 5 கிராம் அளவில் பெண்ணுறுப்பின் உள்ளே இட வேண்டும். 5 நாட்கள்.

3. கிளின்டாமைசின் கிறீம். வேறு இனத்தைச் சேர்ந்த அன்ரிபயோட்டிக். நூற்றுக்கு 2 பங்கு மருந்துள்ள கிறீமை இரவு படுக்கும்போது 5 கிராம் அளவில் உள்ளே இட வேண்டும். 7 நாட்கள். இதே மருந்து 300 மில்லிகிராம் அளவில் வாயால் உட்கொள்ளும் வடிவிலும் உண்டு. அது இரு வேளை, 7 நாட்கள்.

4. ரினிடசோல் குளிசை. மெற்றோனிடசோலின் உறவு மருந்து. நாளுக்கு 2 கிராம் வீதம் 2 நாட்கள், அல்லது 1 கிராம் வீதம் 5 நாட்கள். கர்ப்பிணிகளுக்கு இது உகந்ததல்ல.

அமொக்சிசிலின், அம்பிசிலின் போன்ற, இருமலுக்கும் புண்ணுக்கும் கொடுக்கும் மருந்துகள் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்கவும். 1978 இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் நடந்த ஆய்விலேயே அம்பிசிலின் இந்த நோய்க்குப் போதிய பலன் தராது என்பதும் மெற்றோனிடசோல் நன்கு பலன் தரும் என்பதும் தெரியவந்தன. இருமலுக்கு வாங்கி மிஞ்சிய குளிசையை வெள்ளைபடுதலுக்குப் போட்டால் நோய் மாறாது. நல்ல பற்றீரியாக்களுக்குச் சேதம் வரவும் கூடும்.

எது கூடிய பலன் தரும்?

1995 இல் அமெரிக்காவில் 101 பெண்களை மூன்று பிரிவாக்கி, மெற்றோனிடசோல் குளிசை, மெற்றோனிடசோல் ஜெல், கிளின்டாமைசின் கிறீம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குளிசை எடுத்தவர்களில் நூற்றுக்கு 84 பேருக்கும், ஜெல் பாவித்தவர்களில் 75 பேருக்கும், கிறீம் பாவித்தவர்களில் 86 பேருக்கும் சுகம் வந்தது. இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது என்பதால், மூன்றும் ஏறத்தாழ ஒரே பலனுடையவை என்றே முடிவு செய்தார்கள். பெண்கள் உள்ளே இடும் மருந்தையே கூடுதலாக விரும்பினார்கள்.

ஆகவே விலை கூடிய கிறீம் கிடைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. அரச வைத்தியசாலையில் கிடைக்கும் சாதாரணக் குளிசை, ஒழுங்காக எடுத்தால், கிறீமுக்குக் குறைந்ததல்ல.

ஆனால் நெல்லையும் களையையும் நினைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு உண்டு. மெற்றோனிடசோல் காற்றில்லாமல் வாழும் பற்றீரியாக்களையே பெரும்பாலும் தாக்கும். லக்ரோபசிலசை அது அவ்வளவாகத் தொடாது. நெல்லை விட்டுக் களையை மாத்திரம் கருக்கும் களைநாசினி போன்றது. கிளின்டாமைசின் நல்ல பற்றீரியாவையும் ஓரளவு தாக்கும். மேலும், கிளின்டாமைசின் பாவித்தபின் எஞ்சியிருக்கும் பற்றீரியாக்களுள் அம்மருந்துக்கு மசியாதவை தோன்றுவது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. இதனால் பலரும் மெற்றோனிடசோலை முதலிலும், அது ஒத்துவராதவர்களுக்குக் கிளின்டாமைசினையும் தெரிவு செய்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்னர் 2 கிராம் மெற்றோனிடசோலை ஒரே தடவையில் விழுங்கச் செய்யும் வழக்கம் இருந்தது. இடம்விட்டு இடம் போகிறவர்களுக்கு அது வசதியாகத் தோன்றலாம். ஆனால் 7 நாள் மருந்தைவிட அதன் பலன் குறைவு என்று தெரிந்ததால் இந்த நோய்க்கு இப்போது அது சிபார்சு செய்யப்படுவதில்லை.

உங்கள் நிலைமைக்கு எது பொருந்தும்?

தனிமை இல்லாத இடத்தில் இருப்பவர்: ஜெல்லையும் கிறீமையும் கை கழுவி, படுத்திருந்து, உள்ளே இட வேண்டும். பலர் கூடிப் படுக்கும் கொட்டிலில் இது இலகுவல்ல. அவ்வாறானவர்களுக்குக் குளிசையே வசதி. பனடோல் விழுங்குவது போல் எவரும் கவனிக்காமல் விழுங்கிவிடலாம்.

வயிறு தாங்காதவர்: மெற்றோனிடசோல் குளிசை வாயில் உலோகச் சுவையையும் ஓங்காளத்தையும் தரலாம். சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் இது குறையும். அப்படியும் சத்தி எடுத்தால் மருந்தை நிறுத்திவிட்டு இருக்க வேண்டாம். வைத்தியரிடம் சொன்னால் உள்ளே இடும் மருந்துக்கு மாற்றித் தருவார். உள்ளே இடும் மருந்து வயிற்றை அவ்வளவாகக் குழப்பாது.

கர்ப்பிணிகள்: நோயின் அறிகுறி இருந்தால் கட்டாயம் கிளினிக்கில் சொல்லுங்கள். இந்த நோயுள்ள கர்ப்பிணிகளுக்குக் குறைமாதப் பிரசவம் கூடுதலாகக் காணப்படுகிறது. மெற்றோனிடசோல் கருவிலுள்ள பிள்ளைக்கு ஊனம் விளைவிப்பதாக ஆய்வுகளில் காணப்படவில்லை. எனினும் கர்ப்ப காலத்தில் எந்த மருந்தையும் கடையில் தானாக வாங்கிப் போடக் கூடாது.

பாலூட்டும் தாய்மார்: மெற்றோனிடசோல் தாய்ப்பாலிலும் சிறிதளவு சேரும். 400 மில்லிகிராம் அளவில் எடுக்கும்போது பாலூட்டலை நிறுத்துவது பொதுவாகத் தேவைப்படாது. பாலூட்டுகிறீர்கள் என்பதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வேறு மருந்து எடுப்பவர்: இரத்தம் உறையாமல் தடுக்கும் ‘வார்பரின்’ குளிசை எடுப்பவர்கள் மெற்றோனிடசோல் எடுக்குமுன் அதைச் சொல்லியாக வேண்டும். ஒன்றின் வேகத்தை மற்றது கூட்டும்.

ஆணுறை பாவிப்பவர்: கிளின்டாமைசின் கிறீமில் எண்ணெய்த் தன்மை உண்டு. அது ஆணுறையை நலிவடையச் செய்யும். கிறீம் பாவிக்கும் நாட்களிலும் முடிந்தபின் 5 நாட்கள் வரையும் ஆணுறையை நம்பியிருக்க வேண்டாம்.

கிளின்டாமைசினை எந்த வடிவில் பாவித்தாலும், தண்ணீர் போன்ற கடும் வயிற்றோட்டம் வந்தால் உடனே வைத்தியரிடம் போங்கள். எந்த மருந்தை எடுத்த பின்னும் தயிர்க்கட்டி போன்ற வெள்ளையும் கடியும் வந்தால், அது பங்கசாக இருக்கலாம். மேற்சொன்ன 1995 ஆம் ஆண்டு ஆய்விலும் மூன்று பிரிவிலும் சிலருக்கு அவ்வாறு வந்தது. அதற்கும் மருந்து உண்டு.

சுகமான பின்னும் ஏன் திரும்புகிறது?

இந்த நோயின் பெரிய தொல்லை இதுதான். மருந்தால் சுகம் கண்ட பெண்களிலும் பாதிப் பேருக்கு மேல் ஓர் ஆண்டுக்குள் நோய் திரும்புகிறது. “ஒழுங்காகக் கழுவுவதில்லை” என்று பெண்ணைக் குறை சொல்வதே வழக்கம். உண்மைக் காரணங்கள் வேறு.

ஒன்று, மருந்தை இடையில் விடுவது. மூன்றாம் நாளே நாற்றம் குறைந்துவிடும். மிச்சக் குளிசையை அடுத்த தடவைக்கென்று முடிந்து வைப்பது பல வீடுகளில் நடப்பது. ஆனால் இந்தப் பற்றீரியாக்கள் கிணற்றுச் சுவரில் படியும் பாசி போல உள்ளே படலமாக ஒட்டியிருப்பவை. மேலே உள்ளவை முதலில் அழியும். அடியில் உள்ளவை தப்பியிருக்கும். குறித்த நாள் முடியும் வரை மருந்து எடுக்க வேண்டியது அதனால்தான்.

இரண்டு, கணவனிடமிருந்து திரும்பத் தொற்றுவது. ஆணுக்கு அறிகுறி எதுவும் இராது. ஆயினும் அவனுடைய உறுப்பின் தோலிலும் சிறுநீர்க் குழாயிலும் இந்தப் பற்றீரியாக்கள் தங்கியிருக்கலாம். முன்னைய ஆய்வுகளில் ஆண்களுக்குக் குளிசை மாத்திரம் கொடுத்துப் பார்த்ததில் பெண்களுக்குத் தெளிவான பலன் காணப்படவில்லை. அதனால் கணவனுக்கு மருந்து தேவையில்லை என்றே நீண்ட காலம் சொல்லப்பட்டு வந்தது.

2025 இல் வெளியான ஓர் அவுஸ்திரேலிய ஆய்வு இதனை மாற்றியிருக்கிறது. அதில் 164 தம்பதிகள் சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் எல்லோருக்கும் வழமையான மருந்து கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவில் ஆண்களுக்கும் 7 நாட்கள் மெற்றோனிடசோல் 400 மில்லிகிராம் குளிசை இரு வேளையும், உறுப்பின் தோலில் பூசக் கிளின்டாமைசின் கிறீம் இரு வேளையும் கொடுத்தார்கள். 12 வாரங்களுக்குள், கணவனுக்கு மருந்து கொடுக்காத பிரிவில் நூற்றுக்கு 63 பெண்களுக்கு நோய் திரும்பியது. கணவனுக்கும் மருந்து கொடுத்த பிரிவில் 35 பேருக்கே திரும்பியது. வித்தியாசம் தெளிவாக இருந்ததால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்னரே நிறுத்தினார்கள்.

பெண்ணுக்கு எந்த மருந்து என்பதைவிட, மருந்து இருவருக்கும் போய்ச் சேருகிறதா என்பதே கூடிய வித்தியாசத்தைத் தரலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது. நோய் திரும்பத் திரும்ப வருமானால் கணவனும் கிளினிக்குக்கு வரட்டும். “எனக்கு ஒன்றுமில்லையே” என்பது காரணமாகாது. வயலில் ஒரு வரம்புக்கு இப்பால் மாத்திரம் களை பிடுங்கிவிட்டு அப்பால் விட்டுவைத்தால் என்ன நடக்கும் என்பதைக் கமக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்து முடியும் வரை இருவரும் உறவைத் தவிர்ப்பது நல்லது.

குடிக்கும் ஆண்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மெற்றோனிடசோல் எடுக்கும்போது கள்ளு, சாராயம் கூடாது என்று மருந்துடன் வரும் குறிப்புகளில் எழுதியிருக்கும். அமெரிக்காவின் 2021 ஆம் ஆண்டு வழிகாட்டி இந்தத் தடை அவசியமில்லை என்கிறது. எனினும் ஏழு நாள் குடியை விடுவதால் எவருக்கும் நட்டமில்லை. தவறிக் குடித்துவிட்டால் அதற்காகக் குளிசையை நிறுத்த வேண்டாம்.

செய்யக் கூடாதவை

பெண்ணுறுப்பின் உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். டெற்றோல், சவர்க்காரம், உப்புநீர், எலுமிச்சம்புளி எதையும் உள்ளே செலுத்த வேண்டாம். இவை நல்ல பற்றீரியாவைக் கழுவிக் களைக்கு இடம் கொடுக்கும். வெளிப்புறத்தைச் சுத்தமான தண்ணீரால் கழுவினால் போதும். தண்ணீர் தட்டுப்பாடான இடங்களில் “கழுவாததால் வந்தது” என்று வருந்தும் தாய்மார் இதனை மனதில் கொள்ளட்டும்.

தயிர் சாப்பிடுவது உடம்புக்கு நல்லதே. அது இந்த நோய்க்கு மருந்தாகாது. தயிரையோ பூண்டையோ உள்ளே வைக்கவும் கூடாது.

அறிகுறி எதுவும் இல்லாதவர் முன்காப்பாக மருந்து எடுக்க வேண்டியதில்லை. ஒருவருக்குத் தந்த மருந்தைப் பங்கிட்டுக் கொள்ளவும் வேண்டாம். பங்கிட்டால் இருவருக்கும் சுகம் வராது.

எங்கே போவது?

உங்கள் பகுதிக்குப் பொறுப்பான குடும்பநல மருத்துவமாதுவிடம் முதலில் சொல்லுங்கள். இப்படியான கதைகளை அவர் நாளாந்தம் கேட்பவர். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு அவர் வழிகாட்டுவார். அரச வைத்தியசாலைகளில் இதற்கான பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை. வைத்தியரிடம் மூன்று விடயங்களைச் சொன்னால் போதும்: வெள்ளையின் நிறம், நாற்றம் உண்டா, கடி உண்டா. ஏற்கெனவே குளிசை போட்டிருந்தால் அதன் வெற்று உறையையும் கொண்டு போங்கள்.

பின்வருவன இருந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்:

வெள்ளையுடன் காய்ச்சலும் அடிவயிற்று வலியும்.
மாதவிடாயல்லாத நேரத்தில் இரத்தம் படுதல்.
பிரசவத்தின் பின்னோ கருச்சிதைவின் பின்னோ நாற்றத்துடன் படுதல்.
கர்ப்பிணிக்குத் தண்ணீர் போல் வடிதல்.
மாதவிடாய் முற்றாக நின்றபின் படுதல்.
சிறுமிக்கு நாற்றத்துடன் படுதல்.

இவை சாதாரண வெள்ளைபடுதல் அல்ல. வேறு நோய்களின் அறிகுறியாக இருக்கலாம்.

கவனிக்காது விட்ட பற்றீரியாத் தொற்று, பிற பாலியல் நோய்கள் தொற்றும் வாய்ப்பையும், கருப்பைச் சத்திரசிகிச்சைக்குப் பின் புண் பழுதாகும் வாய்ப்பையும் கூட்டுகிறது. இவற்றைத் தவிர்க்க வேண்டியது, சரியாக இனங்கண்டு, ஏற்ற மருந்தை ஏழு நாள் முடிய எடுப்பதே. மருத்துவமாது அடுத்த முறை உங்கள் பக்கம் வரும்போது, பிள்ளையின் தடுப்பூசி அட்டையைக் காட்டும் கையோடு இதையும் சொல்லிவிடுங்கள்.